பழைய படத்தில் நிற்பது என்ன கார்? முகத்தைப் பாருங்கள், உடம்பை நம்பாதீர்கள்

கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறைகளைப் பார்த்தவர்களுக்கு இந்த விஷயத்தில் பாதி ஏற்கெனவே தெரியும். ஆலையிலிருந்து வருவது இன்ஜினும் சேசிஸ் என்னும் அடிச்சட்டமும் சக்கரமும் ஸ்டியரிங்கும்தான். மேலே ஏறும் கூடு, ஜன்னல், இருக்கை எல்லாம் பட்டறையின் கைவேலை. ஒரே சேசிஸ் மீது பத்துப் பட்டறைகள் பத்து விதமான பஸ் கட்டும்.

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய சொகுசுக் கார்களில் பெரும்பாலானவை இப்படித்தான் உருவாயின. இங்கிலாந்தின் ரோல்ஸ் ராய்ஸ் ஆலை விற்றது சேசிஸை மட்டும். வாங்கியவர் அதை லண்டனில் பார்க்கர், ஹூப்பர் போன்ற பாடி கட்டும் நிறுவனத்துக்கு அனுப்பி, தன் விருப்பப்படி மூடிய காராகவோ திறந்த காராகவோ கட்டிக்கொள்வார். சென்னையில் சிம்சன் நிறுவனம் குதிரை வண்டிக் காலத்திலிருந்தே இந்தத் தொழிலைச் செய்துவந்தது.

ஆகவே தாத்தா காலத்துப் படத்தில் நிற்கும் காரின் பெயரைக் கண்டுபிடிக்க முயலும்போது கதவு, கூரை, பின்பக்க வளைவு ஆகியவை நம் கண்ணை ஏமாற்றும். ஒரே மாதிரிப் பாடி மூன்று நாட்டுச் சேசிஸ்களில் இருக்கும்; ஒரே சேசிஸ் முப்பது உருவங்களில் நிற்கும். ஆலையின் கைரேகை தங்கும் இடங்கள் குறைவு. ரேடியேட்டர், பானெட், டேஷ்போர்டுக்கு முன்னுள்ள தடுப்பு வரையிலான பகுதி, சக்கரமும் அதன் நடுமூடியும், அச்சு, ஸ்பிரிங், அவ்வளவுதான். படத்தில் அந்த முன்பாதி தெரிந்தால் நம்பிக்கையோடு தேடலாம். பின்பாதி மட்டும் தெரிந்தால் பல நேரங்களில் காலத்தை மட்டும்தான் சொல்ல முடியும்.

உடம்பு எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு உச்சமான உதாரணம் கல்கத்தாவில் 1910-இல் ஓடிய அன்னக் கார். வெளியே பார்த்தால் முழு அன்னப்பறவை. உள்ளே இருந்தது இங்கிலாந்தின் புரூக் நிறுவனத்தின் சேசிஸ். இப்போது நெதர்லாந்தின் லோமன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

முதலில் படத்தைக் கவனியுங்கள், காரை அல்ல

கைபேசியில் எடுத்த மங்கலான நகலை வைத்துக்கொண்டு தொடங்குவதுதான் பெரும்பாலான தேடல்கள் தோற்கக் காரணம். அச்சுப் படத்தை 1200 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்யுங்கள். நெகட்டிவ் இருந்தால் 2400 அல்லது அதற்கு மேல். கோப்பை டிஃப் வடிவில் வைத்திருங்கள். ஜேபெக் சுருக்கும்போது முதலில் காணாமல் போவது ரேடியேட்டர் பட்டைகளும் ஸ்போக்குகளும்தான். ஆல்பத்தில் ஒட்டிய படத்தைப் பிய்க்க வேண்டாம். பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம். பிரிந்திருக்கும் படமென்றால் பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்டுடியோ முத்திரையும் பென்சில் குறிப்பும் அங்கேதான் இருக்கும்.

1910-ஆம் ஆண்டுப் படம் 1950-ஆம் ஆண்டுப் படத்தைவிடத் தெளிவாக இருந்தால் வியக்க வேண்டாம். முன்னது பெரிய கண்ணாடித் தகட்டிலிருந்து அதே அளவில் நேராக அச்சானது. பின்னது பாக்ஸ் கேமராவின் சின்ன லென்ஸ் வழியாக வந்தது.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளில் படத்தைக் ‘கூர்மையாக்கும்’ ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். அவை இல்லாத விவரத்தைக் கற்பனையால் நிரப்புகின்றன. தெளிவில்லாத முத்திரை இருந்த இடத்தில் அழகான, ஆனால் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத முத்திரை முளைக்கும். வெளிச்சத்தையும் மாறுபாட்டையும் கூட்டிக் குறைப்பது மட்டும் போதும்.

அடுத்து, படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். நெகட்டிவைத் திருப்பி வைத்து அச்சிட்டால் வலப்பக்க ஸ்டியரிங் இடப்பக்கமாகிவிடும். தேடல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குத் தாவிவிடும். நம்பர் பிளேட் தெரிந்தால் எழுத்தே காட்டிக்கொடுக்கும். தெரியாவிட்டால் ஆட்களைப் பாருங்கள். ஆண்களின் சட்டையில் இடப்பாதி வலப்பாதியின் மேல் படியும். பூணூல் இடது தோளிலிருந்து வலப்பக்கம் இறங்கும். இரண்டும் மாறியிருந்தால் படத்தைத் திருப்பிவிட்டுத் தொடங்குங்கள்.

நிறத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அக்காலத்துத் தகடுகளிலும் ஃபிலிம்களிலும் பெரும்பாலானவை சிவப்பு ஒளியை உணராதவை. சிவப்புக் கார் கிட்டத்தட்டக் கறுப்பாகவும், நீலக் கார் வெளிர்சாம்பலாகவும் பதியும். ‘தாத்தாவின் கறுப்புக் கார்’ உண்மையில் ரத்தச் சிவப்பாக இருந்திருக்கலாம். நிறத்தை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

காலத்தைக் குறுக்குங்கள்

பெயரைத் தேடும் முன் காலத்தை ஐந்து, ஆறு ஆண்டுகளுக்குள் அடைத்துவிட்டால் வேலை பாதியாகும். பிரிட்டிஷ் ஆர்வலர் சங்கங்களின் வழக்கப்படி 1919 முதல் 1930 வரை உருவானவையே ‘விண்டேஜ்’. அதற்கு முந்தையவை எட்வர்டியன், இன்னும் முந்தையவை வெட்டரன். நம் ஊரில் பழைய கார் எல்லாமே விண்டேஜ்தான். பேச்சுக்குச் சரி, தேடலுக்கு உதவாது.

முன்சீட்டுக்குக் கதவே இல்லாமல் ஓட்டுநரின் கால் முழுதும் வெளியே தெரிந்தால் பெரும்பாலும் 1910-க்கு முன். ஹெட்லைட் பித்தளைப் பானை போலப் பெரிதாக இருந்து, அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் ஃபுட்போர்டிலுள்ள உருளைக்குப் போனால் அது கார்பைடு விளக்கு. தண்ணீர் சொட்டி வாயு உண்டாகி எரிவது. காடிலாக் 1912-இல் மின்சார ஸ்டார்ட்டரும் மின்விளக்கும் கொண்டுவந்த பிறகு அடுத்த சில ஆண்டுகளில் இந்த விளக்குகள் சொகுசுக் கார்களிலிருந்து மறைந்தன.

ஃபுட்போர்டு ஓரமாகக் கட்டியிருக்கும் உதிரிச் சக்கரத்தை உற்றுப் பாருங்கள். அதில் ஸ்போக்கே இல்லாமல், காற்றடித்த டயரும் ஒரு வளையமும் மட்டும் இருந்தால், நாம் இன்றும் நாவில் வைத்திருக்கும் சொல்லின் மூலப்பொருளைப் பார்க்கிறீர்கள். வேல்ஸின் லனெல்லி ஊரில் ஸ்டெப்னி தெருவில் 1904-இல் பிறந்த ‘ஸ்டெப்னி’ சக்கரம் அது. பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமல் அதன் பக்கவாட்டிலேயே கவ்விப் பொருத்தி வீடு வந்து சேர்வார்கள். கழற்றி மாட்டும் சக்கரங்கள் பரவியதும் பொருள் போய்விட்டது, பெயர் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. படத்தில் அசல் ஸ்டெப்னி இருந்தால் முதல் உலகப் போரை ஒட்டியோ அதற்கு முன்போ உள்ள கார் என்று தொடங்கலாம்.

மிகப் பயனுள்ள ஒற்றை அடையாளம் முன்சக்கர பிரேக். முன் சக்கரத்தின் நடுவில், ஸ்போக்குகளுக்குப் பின்னால், தட்டு போல ஒரு டிரம் தெரிகிறதா? ஹிஸ்பானோ சுய்சா என்ற சொகுசுக் கார் கம்பெனி 1919-இலேயே நான்கு சக்கர பிரேக்கோடு வந்துவிட்டது. ஆனால் பெரும்பாலான கம்பெனிகள் 1923 முதல் 1925 வரையிலான காலத்தில்தான் மாறின. ரோல்ஸ் ராய்ஸின் பெரிய காருக்கு 1924 வாக்கில், சிறிய காருக்கு 1925-இல். டிரம் இல்லையென்றால் அதற்கு முந்தைய வண்டி என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். டிரம் இருந்தால் உடனே முடிவு செய்யக் கூடாது. பழைய வண்டிகளுக்கும் பின்னாளில் முன்பிரேக் பொருத்தினார்கள்.

ரேடியேட்டர் மூடி மேல் சின்ன வட்டக் கடிகாரம் போல ஒன்று நின்றால் அது நீரின் வெப்பம் காட்டும் மோட்டோமீட்டர். ஓட்டுநர் சீட்டிலிருந்தே படிக்கலாம். 1910-களிலும் 1920-களிலும் பரவலாக இருந்து, வெப்பமானி டேஷ்போர்டுக்குள் போனதும் வழக்கொழிந்தது. முன் மட்கார்டின் பக்கவாட்டு தரையை நோக்கித் தகடாக இறங்கிச் சக்கரத்தின் மேற்பகுதியை மறைத்தால் 1932-33 அல்லது பிறகு. முன்கண்ணாடி நெட்டுக்குத்தாக நின்றால் 1920-கள், பின்னோக்கிச் சாய்ந்தால் 1930-கள் என்பது தோராயமான கணக்கு. ஆனால் கண்ணாடி பாடியைச் சேர்ந்தது, சேசிஸைச் சேர்ந்ததல்ல என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஆட்களின் உடையும் சிகையலங்காரமும் சொல்வது படம் எடுத்த காலத்தை. கார் அதைவிடப் பத்து, பதினைந்து ஆண்டு மூத்ததாக இருக்கலாம். அரண்மனைக் கார் கைமாறிக் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு வந்திருக்கக் கூடும்.

ரேடியேட்டர் என்னும் முகம்

1930-களின் தொடக்கம் வரை ரேடியேட்டரைச் சுற்றியுள்ள உலோகக் கூட்டின் வடிவமே கம்பெனியின் கையெழுத்து. முத்திரை தெரியாவிட்டாலும் நிழலுருவம் போதும்.

ரோல்ஸ் ராய்ஸ்: கிரேக்கக் கோவிலின் முகப்பு. மேலே தாழ்வான முக்கோணம், பக்கங்கள் நேர்கோடு, முனைகள் கத்தி போலக் கூர்மை. டைம்லர்: மேற்பகுதியில் நெடுக வரிவரியாகப் பள்ளங்கள். இதை வாக்ஸ்ஹாலோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. வாக்ஸ்ஹாலில் பள்ளம் பானெட்டின் இரு ஓரங்களிலும் ஓடும், ரேடியேட்டர் உச்சியில் வரிவரியாக இருக்காது. புகாட்டி: குதிரை லாடம். டெலோனே பெல்வீல்: முழு வட்டம், பானெட்டும் உருளை, ஏனெனில் அது நீராவிக் கொதிகலன் செய்த கம்பெனி. மெர்சிடிஸ்: முன்னோக்கி நீளும் கூரிய மூக்கு, மூன்று முனை நட்சத்திரம், 1920-களின் இறுதியில் வந்த பெரிய ஸ்போர்ட்ஸ் வண்டிகளில் பானெட்டின் பக்கவாட்டிலிருந்து பாம்பு போன்ற புகைக்குழாய்கள் வெளியே வரும். அமெரிக்காவின் டூசன்பெர்க் எஸ்ஜே வண்டியிலும் இதே குழாய்களைக் காணலாம்.

முன்னால் ரேடியேட்டரே இல்லாமல் நிலக்கரி அள்ளும் முறம் போலப் பானெட் சரிந்து இறங்கினால் 1920-களின் பிற்பகுதி வரையிலான ரெனோவை முதலில் நினையுங்கள். அதில் ரேடியேட்டர் இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும்.

அமெரிக்கக் கார்களில் பேக்கார்டு எளிது. ரேடியேட்டரின் மேல்விளிம்பு மாட்டு நுகத்தடி போல இரு தோள்களில் வளைந்து இறங்கும். சக்கர நடுமூடியில் அறுகோணம் பதிந்திருக்கும். இந்த அறுகோணத்தை விடாமல் தேடுங்கள், ஏனெனில் 1924-இல் பியூக் ஏறத்தாழ இதே தோள்வளைவோடு வந்தது. குடும்ப ஆல்பங்களில் ‘பேக்கார்டு’ என்று பெருமையாக எழுதப்பட்ட பல வண்டிகள் பியூக்காக இருப்பதற்கு இதுதான் காரணம். பியூக் மட்டமான காரல்ல, விலைதான் குறைவு. பியர்ஸ் ஆரோ இன்னும் எளிது. ஹெட்லைட் தனியாக நிற்காமல் முன் மட்கார்டிலிருந்தே தவளைக் கண் போல முளைத்திருக்கும். 1914-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு. ஆனால் வேண்டாமென்ற வாடிக்கையாளருக்குச் சாதாரண ஹெட்லைட்டும் பொருத்திக் கொடுத்தார்கள். ஆகவே தவளைக் கண் இருந்தால் பியர்ஸ் ஆரோ. ஆனால் அது இல்லை என்பதற்காகப் பியர்ஸ் ஆரோ அல்ல என்று சொல்லிவிட முடியாது.

போலிகளும் சாயல்களும் உண்டு. கலமசூவில் உருவான ரோமர் என்ற அமெரிக்கக் கார் ரோல்ஸ் ராய்ஸ் முகப்பை அப்பட்டமாகப் பிரதியெடுத்தது. 1927-இல் வந்த லசால் என்ற அமெரிக்கக் கார், ஹிஸ்பானோ சுய்சாவைப் பார்த்து வரைந்தது. முகப்பு ஒத்துப்போனாலும் சக்கர மூடி, பானெட் பக்கவாட்டுக் காற்றுத் துவாரங்களின் எண்ணிக்கை, அவை நெடுக்கா கிடையா என்பது ஆகியவற்றில் இரண்டாவது சான்று கிடைக்கும் வரை பெயரைப் பென்சிலில்தான் எழுத வேண்டும்.

ரேடியேட்டர் மூடி மேலுள்ள சிலைக்குப் பெரும்பாலானோர் தேவைக்கு மீறி மதிப்புக் கொடுக்கிறார்கள். ரோல்ஸ் ராய்ஸின் பறக்கும் பெண் 1911-இல் சார்லஸ் சைக்ஸ் செய்தது. அதற்கு முந்தைய வண்டிகளில் இருக்காது. பிந்தைய வண்டிகளிலும் பலர் வைக்கவில்லை. மண்டியிட்ட வடிவம் 1934-இல் வந்தது. நாரை பறந்தால் ஹிஸ்பானோ சுய்சா. முதல் உலகப் போரில் அந்தக் கம்பெனியின் இன்ஜின் பொருத்திய விமானங்களில் பறந்த பிரெஞ்சுப் படையணியின் சின்னம் அது. வேட்டைநாய் பாய்ந்தால் 1927-க்குப் பிந்தைய லிங்கன். தலைக்கவசமணிந்த தேவி என்றால் பெல்ஜியத்தின் மினர்வா. ஆனால் சிலை திருகிக் கழற்றக்கூடிய பொருள், கடையில் தனியாகவும் விற்றது. சாதாரணக் காரில் ஆடம்பரச் சிலையும், ஆடம்பரக் காரில் வெறும் மூடியும் சர்வசாதாரணம்.

அளவெடுக்கலாம்

பக்கவாட்டுப் படமாக இருந்தால் அடிக்கோல் கொண்டே ஒரு நல்ல சோதனை செய்யலாம். முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை உள்ள தூரம்தான் வீல்பேஸ். அதை டயரின் உயரத்தால் வகுத்தால் வரும் எண்ணைப் பட்டியல்களோடு ஒப்பிடலாம்.

கார் சற்றே திரும்பி நின்றால் சக்கரம் வட்டமாகத் தெரியாமல் ஒடுங்கித் தெரியும். அந்த ஒடுக்கத்தை வைத்தே திருத்தலாம். ஸ்கேனில் முன்டயரின் உயரம் 31 மி.மீ., பின்டயரின் உயரம் 29 மி.மீ. என்றால் சராசரி 30. படத்தில் டயரின் இட ஓரத்திலிருந்து வல ஓரம் வரை உள்ள அகலம் சராசரியாக 27 என்றால் ஒடுக்கம் 27-ஐ 30-ஆல் வகுத்து 0.9. மையங்களுக்கிடையில் 110 மி.மீ. இருந்தால் அதை 0.9-ஆல் வகுக்க 122. மறுபடி 30-ஆல் வகுக்க ஏறத்தாழ 4.07. ஒடுக்கம் 0.8-க்குக் கீழே போனால் இந்தக் கணக்கை விட்டுவிடுங்கள், பிழை மிகுந்துவிடும். ஓடும் காரை எடுத்த படத்திலும் வேண்டாம். திரை ஷட்டர் கேமராக்கள் சுழலும் சக்கரத்தைச் சாய்ந்த முட்டையாக்கிவிடும்.

சரி, 4.07 என்ன சொல்கிறது? இங்கேதான் பொறி. ரோல்ஸ் ராய்ஸின் பெரிய வண்டியான சில்வர் கோஸ்ட்டின் வீல்பேஸ் 143.5 அங்குலம், அதாவது 3645 மி.மீ. டயர் 895 மி.மீ. விகிதம் 4.07. அதே கம்பெனியின் சிறிய வண்டியான 20 குதிரைத்திறன் காருக்கு வீல்பேஸ் 129 அங்குலம், 3277 மி.மீ. டயர் 32 அங்குலம், 813 மி.மீ. விகிதம் 4.03. அடிக்கோலால் இந்த வித்தியாசத்தைப் பிடிக்கவே முடியாது. குட்டி யானையும் யானை போலவேதான் இருக்கும்.

அதனால் பக்கத்தில் நிற்கும் மனிதர் தேவை. காரை ஒட்டி, சக்கரம் இருக்கும் அதே தூரத்தில் நிற்பவராக இருக்க வேண்டும். அவர் உயரம் 165 செ.மீ. என்று கொண்டால் 89.5 செ.மீ. டயர் அவர் உயரத்தில் பாதியைத் தாண்டி மேலே போகும். 81.3 செ.மீ. டயர் பாதிக்குச் சற்றுக் கீழே நிற்கும். ஒருவரை மட்டும் நம்பாமல் இரண்டு, மூன்று பேரைப் பாருங்கள். தலைப்பாகையைக் கழித்து அளந்துகொள்ளுங்கள்.

ரோல்ஸ் ராய்ஸ் என்று தெரிந்த பின்

இந்தக் கம்பெனி முகப்பை மாற்றவே இல்லை என்பதால் எந்த மாடல் என்பது தனிச் சிக்கல். முத்திரை எழுத்து 1930-களின் தொடக்கத்தில் சிவப்பிலிருந்து கறுப்புக்கு மாறியது என்பதைப் பலரும் சொல்வார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்தத் தகவலால் ஒரு பயனும் இல்லை.

உதவுபவை வேறு. ரேடியேட்டரில் தேன்கூடு வலை நேராகத் தெரிந்தால் சில்வர் கோஸ்ட்டாக இருக்க வாய்ப்பு. கிடைமட்டமாக ஜன்னல் பட்டைகள் போலத் தெரிந்தால் 1922-இல் வந்த 20 குதிரைத்திறன் கார். அதன் கடைசிக் காலத்தில் பட்டைகள் நெடுக்காகின. 1925-இல் வந்த முதல் ஃபேன்டம் வண்டியில் பட்டைகள் நெடுக்கு. அடுத்து பின்சக்கரத்தின் ஸ்பிரிங்கைப் பாருங்கள். பிந்தைய சில்வர் கோஸ்ட்டிலும் முதல் ஃபேன்டத்திலும் பட்டை ஸ்பிரிங் நடுவில் சேசிஸோடு பிணைந்து, அதன் பின்முனை அச்சைத் தாங்கும். 1929-இல் வந்த இரண்டாம் ஃபேன்டத்தில் வழக்கமான அரைவளைவு ஸ்பிரிங், அச்சு அதன் நடுவில் இருக்கும். ஃபுட்போர்டுக்கும் பின் மட்கார்டுக்கும் இடையிலுள்ள இருட்டில் வெளிச்சத்தைக் கூட்டினால் பல படங்களில் இது தெரிகிறது. 1936-இன் மூன்றாம் ஃபேன்டத்தில் ரேடியேட்டர் முன்அச்சைத் தாண்டி முன்னால் வந்துவிடும். மற்ற வண்டிகளில் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பட்டை ஸ்பிரிங் இதில் இருக்காது. பன்னிரண்டு சிலிண்டர் இன்ஜினும் புதிய முன் சஸ்பென்ஷனும் வந்ததன் விளைவு.

இடப்பக்க ஸ்டியரிங், உருளை வடிவ ஹெட்லைட், குழாய் பம்பர் மூன்றும் சேர்ந்திருந்தால் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையில் உருவான ரோல்ஸ் ராய்ஸாக இருக்கலாம். 1921 முதல் பத்தாண்டுகள் அங்கே உற்பத்தி நடந்தது.

ஸ்டியரிங்கும் நம்பர் பிளேட்டும்

வலப்பக்க ஸ்டியரிங் என்றதும் பிரிட்டிஷ் கார் என்று முடிவு கட்டிவிடுகிறோம். பிரான்ஸிலும் இத்தாலியிலும் உயர்ரகக் கார்கள் பல்லாண்டுகள் வலப்பக்க ஸ்டியரிங்கோடுதான் வந்தன. அமெரிக்காவின் பியர்ஸ் ஆரோகூட 1920 வரை அப்படித்தான். இந்தியா, இலங்கை, மலாயா படங்களில் நிற்கும் அமெரிக்கக் கார்களும் ஏற்றுமதிக்காக வலப்பக்கம் மாற்றியவை. ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் பம்பாயிலேயே பாகங்களைக் கோத்து விற்றது. எனவே ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்பது துணைச் சான்று மட்டும்.

நம்பர் பிளேட் நாட்டையும் காலத்தையும் சொல்லும், கம்பெனியைச் சொல்லாது. பிரிட்டனில் பதிவெண் 1904 தொடக்கத்திலிருந்து கட்டாயம். மூன்றெழுத்துக் குறியீடு 1932-இல்தான் வந்தது. மூன்றெழுத்து இருந்தால் அந்தப் பதிவு 1932-க்கு முந்தையதல்ல. அமெரிக்க மாநிலங்கள் பல பிளேட்டிலேயே ஆண்டைப் பொறித்தன, ஆராய்பவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும். இலங்கைப் படத்தில் எண்களுக்கு நடுவே சிங்கள ஸ்ரீ எழுத்து இருந்தால் 1950-களின் பிற்பகுதி அல்லது பின்னர். தமிழ்ப் பகுதிகளில் அந்த எழுத்தை எதிர்த்து நடந்த போராட்டம் பலருக்கு நினைவிருக்கும். பிளேட்டே இல்லாமல் அரசச் சின்னம் மட்டும் இருந்தால் சமஸ்தான வண்டியாக இருக்கலாம்.

மாறாட்டங்கள்

பணக்காரர்கள் நல்ல சேசிஸைத் தூக்கிப் போடவில்லை. 1922 சேசிஸ் மீது 1934 பாணிப் பாடியை ஏற்றினார்கள். சக்கரம், ஸ்பிரிங், ரேடியேட்டர் ஒரு காலத்தையும், மட்கார்டு, கண்ணாடி, கூரை வேறொரு காலத்தையும் காட்டினால் படத்தில் தவறில்லை, வண்டிக்கு மறுபாடி கட்டியிருக்கிறார்கள். ஒற்றை ஆண்டு சொல்லாமல் இரண்டையும் எழுதிவையுங்கள்.

ஸ்போக் சக்கரத்தின் மேல் தட்டையான வட்டத் தகடு மூடுவதும் பிரிட்டனில் வழக்கம். கழுவும் வேலை மிச்சம். பார்ப்பவருக்கு அது தட்டுச் சக்கரமாகத் தெரிந்து தேடல் திசைமாறும். நாடும் கலந்துவிடும். இந்தூர் மகாராஜா யஷ்வந்த் ராவ் ஹோல்கர் 1930-களின் நடுப்பகுதியில் வாங்கிய டூசன்பெர்க் எஸ்ஜே அமெரிக்கச் சேசிஸ். பாடியோ லண்டனின் கர்னி நட்டிங் கட்டியது. பின்பக்கத்தை மட்டும் பார்ப்பவர் பிரிட்டிஷ் கார் என்றுதான் சொல்வார்.

ஒரு படத்தைப் பிரித்துப் பார்ப்போம்

கோவில் வாசலில் திறந்த கார், சுற்றிலும் வேட்டி கட்டிய எட்டுப் பேர் என்று வைத்துக்கொள்வோம். கிரேக்கக் கோவில் முகப்பு ரேடியேட்டர், கூர் முனைகள். சிலை இல்லை. ரேடியேட்டரில் கிடைப்பட்டைகள். முன்சக்கரத்தில் டிரம் இல்லை. கதவருகே நிற்பவரின் பாதி உயரத்துக்குச் சற்றுக் கீழே டயர் முடிகிறது. மட்கார்டு தட்டை. பின்னால் நிற்கும் இளைஞரின் கையில் கைக்கடிகாரம், கிராப்பு வெட்டு 1930-களைச் சேர்ந்தது.

முகப்பு ரோல்ஸ் ராய்ஸ் என்கிறது. டயரின் உயரமும் கிடைப்பட்டையும் சேர்ந்து சிறிய 20 குதிரைத்திறன் வண்டி என்கின்றன. டிரம் இல்லாமை 1922 முதல் 1925 வரை என்று குறுக்குகிறது. இன்னொரு சோதனை உண்டு. அந்த மாடலில் தொடக்கத்தில் கியர் கம்பி ஓட்டுநருக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவில் இருந்தது; முன்பிரேக் வந்தபோது அது ஓட்டுநரின் வலப்பக்கம் போனது. திறந்த காராக இருப்பதால் கதவுக்கு மேலே கம்பியின் குமிழ் தெரிகிறதா என்று தேடலாம். வலப்பக்கம் எதுவும் தெரியாவிட்டால் முந்தைய வடிவம் என்ற எண்ணம் வலுக்கும்.

குறிப்பேட்டில் இப்படி எழுதலாம்: கம்பெனி உறுதி, மாடல் பெரும்பாலும் சரி, ஆண்டு 1922-25, படம் எடுத்தது 1930-கள், பாடி கட்டியவர் தெரியவில்லை. பாடி கட்டியவரின் பெயர் சில நேரம் கதவின் கீழ்ப்படியில் சிறு தகடாக இருக்கும், கதவு திறந்திருக்கும் படத்தில் மட்டும் பார்க்கக் கிடைக்கும்.

கேட்கும் முறை

ரோல்ஸ் ராய்ஸ் ஆலை ஒவ்வொரு சேசிஸுக்கும் அட்டை எழுதி வைத்தது. அந்த ஆவணங்கள் இங்கிலாந்தின் பாலர்ஸ்பரியில், ஹன்ட் ஹவுஸில் பாதுகாக்கப்படுகின்றன. முதலில் வாங்கியவர், பாடி கட்டியவர், அனுப்பிய தேதி போன்றவை அவற்றில் இருக்கும். பென்ட்லி போன்ற மற்ற பெயர்களுக்கும் உரிமையாளர் சங்கங்கள் தனி ஆவணங்கள் வைத்திருக்கின்றன. பிரிட்டிஷ் பதிவெண் முழுதாகத் தெரிந்தால் அந்த மாவட்ட ஆவணக் காப்பகத்தில் பழைய பதிவேடு எஞ்சியிருக்கிறதா என்று கேட்கலாம். பல மாவட்டங்களில் அழிந்துவிட்டன.

கேட்கும்போது வெட்டாத முழுப்படத்தை அனுப்புங்கள். ரேடியேட்டர், முன்சக்கரம், பானெட் பக்கம், நம்பர் பிளேட் ஆகியவற்றைப் பெரிதாக்கித் தனித்தனியாக இணையுங்கள். படம் எந்த ஊரில், யார் வீட்டில் எடுத்தது என்பதை எழுதுங்கள். ‘சென்னை, ஜமீன் வீடு’ என்ற இரண்டு சொல் ஏற்றுமதிப் பட்டியலில் தேடும் பக்கங்களை வெகுவாகக் குறைக்கும். உங்கள் ஊகத்தைக் கடைசியில் எழுதுங்கள். முதலிலேயே ‘இது ஃபேன்டம்தானே’ என்று கேட்டால் பதில் சொல்பவரின் கண்ணும் அந்தப் பக்கமே சாயும்.

பதிலுக்குக் காத்திருக்கும் நாட்களில் கோவை அவிநாசி சாலையிலுள்ள ஜீடி கார் அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய்வரலாம். பழைய வண்டியின் பக்கத்தில் நின்று டயர் உங்கள் இடுப்பில் எந்த இடம் வரை வருகிறது, ரேடியேட்டர் கண்ணுக்கு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கையில் படத்தின் நகல் இருக்கட்டும். சேசிஸ் அட்டையில் பாடி கட்டியவர் பெயர் வந்து, அவர்கள் கட்டிய மூடிய காருக்கும் உங்கள் படத்திலுள்ள திறந்த காருக்கும் பொருந்தவில்லை என்றால், அடுத்து தேட வேண்டியது இந்தியாவில் மறுபாடி கட்டிய பட்டறையை.